ஆணியில் தொங்கிய ரொட்டி

"மாமா, ரொட்டிக்கு என்னைப் பிடிக்காதா?"

ஸும்ராத் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. என் அடுப்படிச் சன்னலுக்கு அவள் முகம் எட்டாது. சுவரோரம் கிடக்கும் செங்கல்லின் மேல் ஏறி நின்றுதான் உள்ளே எட்டிப் பார்ப்பாள். இரண்டு வருடமாக அதே செங்கல். அவளோடு நடக்கப் பழகிய பிள்ளைகள் எல்லாம் தரையில் நின்றபடியே கையை நீட்டி ரொட்டி வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் ஊரில் ரொட்டி சுடுகிறவன். இஸ்மத்துல்லா என்று பெயர். ஸும்ராத் என் அடுத்த வீட்டு மவ்ஜூதாவின் மகள். தகப்பன் ரஹ்மோன், கசகஸ்தான் எல்லைக்கு அப்பால் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். என் தாயார் இறந்த பிறகு, அவர் பெயரால் தினமும் ஒரு குட்டி ரொட்டியை யாராவது ஒரு குழந்தைக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஸும்ராத்துக்கு அப்போது மூன்று வயது. அன்று முதலில் வந்தவள் அவள்தான். அதன் பிறகு அந்த ரொட்டி அவளுடையது. உள்ளங்கை அகலம், நடுவில் பூ முத்திரை, மேலே எள்.

அதைத் தின்றுவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றில் பூச்சி என்றார்கள். கண்ணேறு என்றார்கள். மவ்ஜூதா மாதுளைத் தோலைக் காய்ச்சிக் கொடுத்தாள். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்த அந்தப் பிள்ளைக்கு, பாவம் மெலிந்திருக்கிறாளே என்று, நான் ரொட்டியைக் கொஞ்சம் பெரிதாகத் தட்டினேன்.

அவள் அப்படிக் கேட்டாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. முந்தின ஜூனிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த மாதம் என் மனைவி ஸனோபர் ரொட்டியை விட்டாள். அவள் கைபேசியில் தினமும் ஒரு பெண் பேசுவாள். பின்னால் வெள்ளைச் சுவர். முன்னால் கண்ணாடிக் குவளையில் பச்சையாக ஏதோ ஒன்று. கோதுமை மாவு எல்லாருக்கும் விஷம் என்பாள். அவள் பேச்சைக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ரொட்டியை விட்டிருந்தார்கள்.

"குடல்ல பசை மாதிரி ஒட்டிக்குதாங்க," என்றாள் ஸனோபர்.

"அப்போ எங்கப்பா எழுபத்தொன்பது வயசு வரைக்கும் ஒட்டிக்கிட்டேதான் நடந்தாரா?"

"அவர்கிட்ட கைபேசி இல்ல. ஒட்டினது தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாரு."

ரொட்டிக்காரன் பெண்டாட்டி ரொட்டி தொடமாட்டாள் என்பது தெருவுக்கே வேடிக்கையாகப் போயிற்று. எதிர்க் கடைக் கறிக்காரர் என்னைப் பார்த்தபோதெல்லாம், "என்ன இஸ்மத், சொந்த வீட்டிலயே சரக்கு ஓடலையாமே!" என்று சிரித்தார். ஸனோபர் அசரவில்லை. மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்தாள். ரொட்டியோடு சேர்ந்து அதில் தடவும் பாலாடையும், தேநீருக்குக் கடிக்கும் கற்கண்டும், வியாழக்கிழமைப் புலாவின் இரண்டாவது தட்டும் போய்விட்டதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இளைத்ததற்குக் காரணம் ரொட்டியை விட்டதுதான் என்று நம்பினாள். நம்பியதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மவ்ஜூதாவிடமும் சொன்னாள்.

"புள்ளைக்கு ஒரு மாசம் மாவே கொடுக்காம பாரு மவ்ஜூதா. அரிசி கொடு, உருளைக்கிழங்கு கொடு, கறி கொடு. வயிறு தானா அடங்கும்."

எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்துக் களைத்திருந்த தாய் அவள். செப்டம்பரில் மாவை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. கீழே விழுந்த துணுக்கைக்கூட எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, பறவைக்கென்று உயரத்தில் வைக்கிற ஊர் எங்களுடையது. இங்கே பெற்ற பிள்ளைக்கு ரொட்டி கொடுப்பதில்லை என்று எந்தத் தாயால் வாய் திறந்து சொல்ல முடியும்?

குட்டி ரொட்டி வாங்க ஸும்ராத் வரவில்லை. நான்கைந்து நாள் பார்த்துவிட்டு வேலியருகே போய்க் கேட்டேன்.

"என்னம்மா, என் கை ரொட்டி கசந்துடுச்சா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லண்ணே. புள்ளைக்குச் சளி. அதான் வெளிய அனுப்பல."

அந்தச் சளி நான்கு மாதம் இருந்தது. எனக்கு மனத்தாங்கல். தாயார் பெயரால் கொடுப்பதை மறுக்கிறார்களே என்றுதான் நினைத்தேனே தவிர, அந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வரவில்லை என்பது என் காதில் ஏறவில்லை.

ஜனவரியில் தாஷ்கண்டில் குழந்தை மருத்துவர் ஒருவரைப் பார்க்க நாள் கிடைத்தது. மகள் வளரவில்லை என்று ரஹ்மோன் இலையுதிர் காலத்திலேயே பதிந்து வைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் வெகுதூரம் கிளம்புகிறவர் வாசலில் நின்று ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுத்தான் போவார். கடிபட்ட ரொட்டியை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவார்கள். போனவர் திரும்பிவந்து மீதியைத் தின்ன வேண்டும். அதுவரை அந்த ரொட்டி அவரை அழைத்துக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. நான் சூடான ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.

"ரயிலுக்கு நேரமாச்சுண்ணே," என்று மவ்ஜூதா என் கையைப் பாராமல் சொன்னாள்.

"ஒரு கடிதானே, எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"வந்து பார்த்துக்கலாம்ணே."

துணியோடு நான் தெருவிலேயே நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் வந்து கேட்டபோது ஸனோபரும் ஒளிக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவர்கள் திரும்பினார்கள். மவ்ஜூதாவின் முகத்தில் வெளிச்சம். தெருவில் கண்டவர்களிடமெல்லாம் பரிசோதனைத் தாளைக் காட்டினாள்.

"கோதுமை ஒத்துக்காத நோய் ஒண்ணு இருக்காம்ண்ணே. அதுவான்னு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. இல்லையாம்! ரொட்டி, நூடுல்ஸ் எல்லாம் சாப்பிடுறாளான்னு டாக்டரம்மா கேட்டாங்க. எங்க வீட்டில ரொட்டிக்கு என்ன குறை, அல்ஹம்துலில்லான்னு சொன்னேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்கு மாதமாக அந்தப் பிள்ளை ரொட்டி தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். மருத்துவர் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் போயிருக்கிறது என்று படிக்காத எனக்கே உறைத்தது. ஆனால் ரொட்டி குற்றமற்றது என்று தாளில் எழுதி வந்திருக்கிறது. நான் ரொட்டி சுடுகிறவன். சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குள் போய், "பார்த்தியா, உன் வெள்ளைச் சுவர்க்காரியை!" என்று ஸனோபரைக் குத்தினேன். மறுநாள் காலை ஸும்ராத்துக்கு எள் ரொட்டியைச் சூடாகக் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும். பதினெட்டு நாள்.

பதினெட்டாம் நாள் அவள் செங்கல்மேல் நின்று பாதியைத் தின்றாள். மீதியை, பூ முத்திரை மேலே இருக்கும்படி, சன்னல் கட்டையில் பத்திரமாக வைத்தாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏன்டா கண்ணு அப்படிக் கேக்கறே?"

"நான் ரொட்டியைத் தலைகீழா வைக்கறதே இல்ல மாமா. கீழ விழுந்தா முத்தம் கொடுத்து எடுத்துடறேன். தின்னும்போது பிஸ்மில்லா சொல்றேன். அப்புறம் ஏன் அது என் வயித்துக்குள்ள போய்ச் சண்டை போடுது?"

கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தபடி நின்றேன். அன்று நண்பகல் தொழுகையில் எத்தனை முறை குனிந்தேன் என்பதே மறந்துபோய், முதலிலிருந்து தொழுதேன். பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மவ்ஜூதாவின் வாசலுக்குப் போனேன்.

"மவ்ஜூதா, டாக்டரம்மாகிட்ட நீ சொன்னது நிஜமில்லம்மா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவள் முகம் வெளுத்தது. "எப்படிண்ணே சொல்றது? பெத்த புள்ளைக்கு ரொட்டி போடாதவன்னு நினைக்கமாட்டாங்களா?"

"நினைக்கட்டுமே. நீயாவது வெக்கப்பட்டு மறைச்சே. நான் தெரிஞ்சும் சும்மா இருந்தேன், என் சரக்குக்கு நல்ல பேர் வந்துச்சேன்னு. உன்னைவிட என் தப்புதான் பெரிசு."

அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, இருவருக்கும் நடுவில் வைத்தாள். மருத்துவர் இளம்பெண், குரலில் கோபமே இல்லை.

"ஒத்துக்காததை நிறுத்தணும்னு நினைச்சது தப்பில்லம்மா. ஆனா பரிசோதனைக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்கன்னா ரத்தத்தில தடயம் மறைஞ்சு போகும். திருடன் ஊரைவிட்டுப் போன பிறகு காவல்காரன் வந்து தேடின கதைதான். இப்போ எத்தனை நாளா சாப்பிடுறா?"

"பதினெட்டு நாள்," என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"ரொட்டி சுடுறவன்."

மருத்துவர் சிரிப்பை அடக்கியது குரலில் தெரிந்தது. "நல்லது. அப்போ உங்ககிட்டயே சொல்றேன். இன்னும் அஞ்சு வாரம், தினமும் ரெண்டு துண்டு கோதுமை ரொட்டி அவ சாப்பிடணும். ரொம்ப முடியலேன்னா உடனே கூப்பிடுங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க."

"வலிக்குதேம்மா புள்ளைக்கு!" என்றாள் மவ்ஜூதா. "பேசாம ரொட்டியை நிறுத்திட்டு இப்படியே வளர்த்துடறேனே!"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தில, கல்யாண வீட்டில, ஒரே ஒரு வாய்தானேன்னு யாராவது ஊட்டுவாங்க. கைபேசியில ஒருத்தி சொன்னான்னு எத்தனை நாள் மறுப்பீங்க? அந்த நோய் இருந்தா ஒரு துணுக்குகூட ஆகாது, ஆயுசு பூராவும். இல்லேன்னா வீணா அவளைப் பட்டினி போடறோம், நிஜமான நோயையும் தேடாம விட்டுடறோம். தெரிஞ்சாகணும்மா."

அந்த ஐந்து வாரமும் என் கையால் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கனமான மாவைப் பிசைந்ததில்லை. ஸும்ராத்திடம் மறைக்கவில்லை, இது ரொட்டியை விசாரிக்கிற விசாரணை, நீ சாட்சி என்று சொல்லியிருந்தோம். அவள் தினமும் செங்கல்மேல் ஏறி, "டாக்டருக்கு ஒண்ணு, ரயிலுக்கு ஒண்ணு," என்று இரண்டு துண்டையும் தின்பாள். வயிறு வலித்த நாள்களில் ஸனோபர் வெந்நீர்ப் பை கட்டி மடியில் போட்டுக்கொள்வாள். சில நாள் இருவரும் அப்படியே தூங்கிப்போவார்கள். வெள்ளைச் சுவர்க்காரியின் பேச்சு எங்கள் வீட்டில் கேட்கவேயில்லை.

மார்ச் முதல் வாரம் கிளம்பினார்கள். இந்தத் தடவை மவ்ஜூதாவே என்னைக் கூப்பிட்டாள். வாசலில் நின்று ஸும்ராத் பெரிய ரொட்டியைக் கடித்தாள். முன்பல் விழுந்திருந்ததால் கடி நடுவில் ஒரு திட்டு விட்டு இரண்டு பக்கமும் பதிந்தது. மவ்ஜூதா அதைச் சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டினாள்.

ரத்தமும் எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலையும் பார்த்தார்கள். அந்த நோய்தான். கோதுமையும் பார்லியும் அவற்றின் இனத்துத் தானியங்களும் இனி எந்நாளும் ஆகாது.

"நான் சொன்னது பாதி சரியா இருந்துச்சு," என்றாள் ஸனோபர் அன்று என்னிடம். "அந்தப் பாதிதாங்க எல்லாரையும் ஏமாத்திடுச்சு. முழுசாத் தப்பா சொல்லியிருந்தாக்கூட யாரும் கேட்டிருக்கமாட்டாங்க." மறுநாளிலிருந்து அவள் காலையில் கால் ரொட்டி தின்றாள். கற்கண்டைத் திரும்பத் தொடவில்லை. இளைத்த உடம்பு இளைத்தபடியே இருந்தது. கறிக்காரர்தான் ஏமாந்துபோனார், என்னைக் கேலி செய்ய அவருக்கு வேறு விஷயம் தேட வேண்டியிருந்தது.

மவ்ஜூதாவின் கவலை வேறு. "ரொட்டியில்லாத விரிப்பில எப்படிண்ணே விருந்தாளியை உக்கார வைக்கிறது? இறைவன் கொடுத்ததை வேண்டாம்னு தள்ளின மாதிரி ஆகாதா?"

"நோயாளிக்கு நோன்பையே தள்ளி வெச்ச இறைவன்மா அவன். ஒரு புள்ளையோட ரொட்டிக்கா கோவிச்சுக்கப் போறான்?"

சோள ரொட்டி ஒன்று எங்களிடம் உண்டு. பஞ்ச காலத்து உணவு. விருந்தாளி முன் வைக்க வெட்கப்படுவார்கள். மக்காச்சோள மாவில் பூசணியும் வெங்காயமும் சேர்த்துத் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடுவது. என் தந்தூரில் அதைச் சுட முடியாது. இருபத்தாறு வருடக் கோதுமை அதன் களிமண்ணுக்குள் ஏறியிருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு சிறிய தந்தூர் வாங்கி மவ்ஜூதாவின் முற்றத்தில் பதித்தேன். முதல் ரொட்டியைத் தின்ற அன்றே பிள்ளைக்கு மறுபடி வலி. என்ன தவறு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கோதுமை அரைக்கிற அதே ஆலையில்தான் சோளத்தையும் அரைத்திருந்தேன். கைத்திரிகை ஒன்று வாங்கினோம். ஸனோபர் அரைப்பாள். நான் குளித்து, மாவு படாத உடுப்பு மாற்றிக்கொண்டுதான் அந்த முற்றத்துக்குள் போவேன். அதற்குப் பிறகு வலி வரவில்லை.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு எங்கள் தெருப் பெண்கள் பெரிய அண்டாவில் முளைகட்டிய கோதுமையைக் கிண்டினார்கள். பக்கத்தில் ஒரு புதுப் பாத்திரத்தில் பால்சோறும் இருந்தது. யார் ஏற்பாடு என்று தெரியாது. அண்டாவிலிருந்து வழங்குவதற்கு முன்னால் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து முதலில் பால்சோற்றைக் கொடுத்தார்கள். ஸும்ராத்தும் எல்லாரையும் போல அதையே தின்றாள். மவ்ஜூதா முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எல்லாம் சரியானது, அந்த ஆணியைத் தவிர.

கடித்த ரொட்டி அங்கேயே தொங்கியது. பயணம் போனவள் திரும்பிவிட்டாள். மீதியைத் தின்ன அவளால் முடியாது. வேறொருவர் தின்பது வழக்கமில்லை. மாட்டுக்குப் போட மனமில்லை. வசந்தம் போயிற்று, கோடையும் போயிற்று. ரொட்டி காய்ந்து ஓடானது. விளையாட்டுக்கு நடுவில் ஸும்ராத் சில நேரம் அதன் எதிரே போய் நிற்பாள் என்று மவ்ஜூதா சொன்னாள். ஒரு நாள் பிள்ளையே என்னிடம் வந்து கேட்டாள்.

"அது இன்னும் காத்துக்கிட்டே இருக்கே மாமா. பாவமில்ல? வர்றேன்னு சொல்லிட்டுப் போனேனே."

செப்டம்பரில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். முதல் நாள், வெள்ளை நாடா கட்டிய பின்னலோடு என் சன்னலுக்கு வந்தாள். செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தரையில் நின்றாள். கண்கள் இரண்டும் கட்டைக்கு மேலே தெரிந்தன.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா கண்ணு. பார்த்தேன்."

அன்று மாலை மவ்ஜூதா ஒரு துணிப் பொதியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இதை வீட்டில வெச்சுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. புள்ளை நாளும் பார்த்துக்கிட்டே இருக்கா. நீங்க ரொட்டியோடவே இருக்கறவரு. எப்படியாவது மரியாதையா அனுப்பி வெச்சிடுங்கண்ணே."

"கொடு. நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் வைகறைத் தொழுகை முடிந்து வந்து அடுப்பை மூட்டினேன். மாவு புளிக்க இன்னும் நேரமிருந்தது. ஸனோபர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் யாருமில்லை. பொதியைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் பதிந்த சின்னக் கடி, நடுவில் விழுந்த பல்லின் திட்டு, அப்படியே இருந்தது.

மூன்று வருடம் நான் ஆசையோடு கொடுத்த ஒவ்வொரு ரொட்டியும் அந்தப் பிள்ளையைக் குறைத்தது. தெரியாமல் செய்ததை இறைவன் மன்னித்திருப்பான். ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் நான் தெரிந்தே பேசாமல் இருந்தேன். அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கிண்ணத்தில் பச்சைத் தேநீரை ஊற்றினேன். ரொட்டியை உடைக்கக் கை போதவில்லை. முழங்காலில் வைத்து உடைத்தேன். ஒவ்வொரு துண்டாக நனைத்து, பிஸ்மில்லா சொல்லித் தின்றேன். என் கடைவாய்ப் பற்கள் இரண்டு போய்விட்டன, நேரமாயிற்று. அவள் கடித்த ஓரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதையும் நனைத்து, ஊறும் வரை காத்திருந்து, தின்றேன். துணியில் கிடந்த துணுக்குகளை ஈரவிரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பிறகு துணியை உதறி மடித்து வைத்தேன். குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் சோள ரொட்டியைச் சுடப் பக்கத்து முற்றத்துக்குப் போனேன்.